எலுமிச்சம்பழத்தைத் தவறவிட்ட டிராக்டர்

எங்கள் மினி டிராக்டரின் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் உடனே திரும்பாது. முதலில் கேட்டுக்கொள்ளும். பிறகு யோசிக்கும். அது யோசிக்கிற நேரத்தில் நான் பயந்துபோய் இன்னும் கொஞ்சம் திருப்பியிருப்பேன். அப்புறம் இரண்டையும் சேர்த்து ஒரேயடியாகத் திரும்பும். அதைச் சரிக்கட்ட நான் அந்தப் பக்கம் திருப்ப, அது மறுபடியும் யோசிக்க, இப்படியே வீட்டிலிருந்து தோப்பு வரைக்கும் எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நடக்கும்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஏரிக்கரைப் பாதையில் போனால் அந்தப் பக்கம் எங்கள் கொய்யாத் தோப்பு. மரங்களுக்கு நடுவே பெரிய டிராக்டர் நுழைந்து திரும்ப முடியாது என்று திண்டிவனத்தில் ஒருவரிடமிருந்து இந்தப் பழைய சின்ன வண்டியை வாங்கினேன். எனக்கு முன்னால் அதை ஓட்டியவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக ஸ்டியரிங்கைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மிச்சமிருந்ததை நான் தேய்த்தேன்.

பழகிவிட்டால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நேர்ப் பாதையில் போகும்போதும் என் கைகள் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். "மாவு சலிக்கிறாப்ல ஓட்டுற" என்பாள் மனைவி. நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இந்த வண்டியை வேறு யாராலும் ஓட்ட முடியாது என்பதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. ஓட்டத் தெரியாதவன் தன் வண்டியைப் பற்றி வேறு எப்படிக் கர்வப்பட முடியும்?

மனைவி உட்காரும் இடம் இடது பக்கத்து மட்கார்டு. உட்காரக் கூடாத இடம்தான். எல்லா ஊரிலும் எல்லாரும் உட்காரும் இடமும் அதுதான். ஒரு யூரியா சாக்கை நாலாக மடித்துப் போட்டு, ஒரு கையால் என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துகொள்வாள். வீட்டில் நாங்கள் இருவரும் அதிகம் பேசுவது கிடையாது. மகள் கல்யாணமாகிப் புதுச்சேரியில். மகன் சென்னையில் வேலை. வீட்டுக்குள் டிவி பேசும், போன் பேசும். நாங்கள் பேசியதெல்லாம் அந்த மட்கார்டில்தான். இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டும் என்பதால் எங்கள் வீட்டு விவகாரம் எல்லாம் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர்களுக்கு அத்துப்படி. "மாப்ளைக்கு இப்ப முதுகுவலி தேவலாமா?" என்று அவர்களே அவளை விசாரிப்பார்கள்.

எல்லாம் கெட்டது ஆயுத பூஜை அன்று.

வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். விழுப்புரத்தில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, தன் கடை பூஜையை முடித்துவிட்டுச் சுண்டலுக்கும் பொரிக்கும் வந்திருந்தான். நான் மாலை போட்ட வண்டியில் மாலை போடாத மாப்பிள்ளையாக ஏறி உட்கார்ந்து, கியர் போட்டு, கிளட்சை விட்டேன்.

பின்சக்கரம் இரண்டும் தங்கள் பழத்தை ஒழுங்காக நசுக்கின. இடது முன்சக்கரமும் நசுக்கியது. வலது முன்சக்கரம் மட்டும் கிளம்பும்போதே ஒரு சிலுப்பு சிலுப்பியது. பழம் பொறுக்குமா? சக்கரத்துக்கு அடியிலிருந்து தவளை மாதிரித் தாவி, வாசல் முழுக்க உருண்டு, நேராக மனைவியின் காலடியில் போய் நின்றது. ஒரு கீறல் இல்லை.

"மாமா, ஒன் டிரைவிங்கப் பாத்து பழமே எகிறிக் குதிச்சி ஓடுதுபா!" என்றான் மச்சான்.

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என் மனைவியின் கோபத்தை அளக்க எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. சாதாரண நாளில் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்று பழத்தைக் குனிந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, என்னைப் பார்த்தாள்.

"இன்னாங்க, சாமி குத்தம் அது இதுன்னு நான் சொல்ல மாட்டேங்க. கண்ணு முன்னால கெடக்குற பழத்தையே புடிக்கத் தெரியாத வண்டி, ஏரிக்கரை மேல பாதைய எப்பிடிங்க புடிக்கும்? ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் பள்ளம். நான் இனிமே இதுல ஏறல்லீங்க."

ஒரே மூச்சில் இத்தனை 'ங்க' நான் கேட்டதே இல்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை.

"பழம் உருண்டையா இருந்தா உருளத்தான செய்யும்? அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று பார்த்தேன்.

"சரிங்க. நான் வெக்கிற எடத்துல நான் வெக்கிற பழத்த இது நசுக்கட்டும். அன்னிக்கு ஏறிக்கிறேன்."

அந்தப் பழம் அன்று மத்தியானம் சாதத்தில் பிழியப்பட்டு இலைக்கு வந்தது. நான் சாப்பிட்டேன். என்ன செய்வது, நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் தோப்புக்கு நடந்தாள். நான் வண்டியில் போனேன். கோபித்துக்கொண்டு போகிறவளைப் பின்தொடரும் ஆள் மாதிரி அவள் நடைக்கு ஏற்ப வண்டியை உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே போய்ப் பார்த்தேன். அவள் கரையிலிருந்து இறங்கி வரப்பு வழியே குறுக்கே போய்விட்டாள். நான் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் தோப்பில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் வர்றீங்களா?" என்றாள்.

யூரியா சாக்கு மட்கார்டிலேயே கிடந்தது. அதை நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு நாள் அந்தச் சாக்கைப் பார்த்து, கொய்யாவில் மாவுப்பூச்சி விழுந்திருக்கிற விஷயத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டே போனேன். பாதி தூரம் போன பிறகுதான் எதிரே சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. "போன்ல பேசிக்கினு வர்றேன்" என்றேன். என் போன் என் சட்டைப் பையில், அவர் பார்க்கும்படியாக, அணைந்து கிடந்தது.

இனிமேல் தாங்காது என்று மச்சானைக் கூப்பிட்டேன். அக்காவுக்குத் தெரியாமல் சரிசெய்து, அவளே அசரும்படி ஒரு நாள் பழத்தை நசுக்கிக் காட்ட வேண்டும் என்பது திட்டம். அவன் வந்து வண்டியைச் சுற்றி வந்தான்.

"மாமா, நான் பைக்குக்குத்தான் டாக்டரு. இது மாட்டாஸ்பத்திரி கேசு."

"ரெண்டும் டாக்டருதானடா. ஊசி கொஞ்சம் பெருசு, அவ்ளோதான்."

ஸ்டியரிங் தண்டு கீழே இறங்கி ஓர் இரும்புப் பெட்டிக்குள் போகிறது. ஸ்டியரிங் பாக்ஸ் என்பார்கள். அதன் தலையில் ஒரு ஸ்க்ரூவும் அதைப் பூட்டி ஒரு நட்டும் இருக்கும். அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கினால் ஆட்டம் குறையும் என்று யாரோ டீக்கடையில் சொல்லிக் கேட்டிருந்தேன். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

முறுக்கினோம். ஆட்டம் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் முறுக்கினோம். இன்னும் குறைந்தது. ஸ்டியரிங் கெட்டியாக, புது வண்டி மாதிரி கையில் நின்றது.

"போதும் மாமா. டைட்டா இருக்குதுபா."

"இன்னும் ஒரு சொட்டு. உங்கக்கா அந்தப் பேச்சு பேசுனா இல்ல?"

அந்த ஒரு சொட்டையும் முறுக்கிவிட்டு ஏறினேன். தோப்புக்கு முன்னால் ஒரு களம் உண்டு. அதன் நடுவில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையின் கொடியைப் போராகப் போட்டு வைத்திருந்தோம். களம் வரைக்கும் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கொடிப் போரைச் சுற்றித் திருப்பிக்கொண்டு வரலாம் என்று இடது பக்கம் ஒடித்தேன். ஒடிந்தது. பிறகு நேராக்கலாம் என்று இழுத்தேன்.

நேராகவில்லை.

இறுக்கிய இறுக்கில் ஸ்டியரிங் போன இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வண்டி போரைச் சுற்றிக்கொண்டு போகிறது. நான் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் எழுந்து நின்று இழுத்தேன். எழுந்து நின்றதில் கால் ஆக்சிலேட்டரில் அழுந்தி வண்டி ஜல்தியாகப் போக ஆரம்பித்தது. மச்சான் பின்னாலேயே ஓடி வந்து, "மாமா, கிளட்ச்சு! கிளட்ச்ச மிதி!" என்று கத்தினான். எனக்குக் காது கேட்டது. தெளிவாகவே கேட்டது. நான் திரும்பி அவனைப் பார்த்துச் சொன்ன பதில் இதுதான்: "அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல இத நிறுத்தணும்டா!"

இந்தப் பதிலை எங்கள் ஊரில் இன்றைக்கும் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிக்காட்டுகிறார்கள். ஏனென்றால் அதைக் கேட்ட மறு நிமிடமே மச்சான் ஓடுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பதிலைத் தன் வாயால் ஒரு தடவை சொல்லிக்கொண்டே, போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த சுற்றில் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். மேல்மலையனூர் அங்காளம்மாவிடம் மட்டும் ஒப்பந்தமாகவே பேசினேன். "தாயே, இந்தச் சக்கரத்த மட்டும் நேராக்கிக் குடு, அமாவாசைக்குக் கூட்டத்தோட கூட்டமா வந்து நிக்கிறேன்." கூட்டம் என்றால் எனக்கு ஆகாது, அதனால்தான் அதை வாக்குக் கொடுத்தேன். உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் எது அம்மாவுக்கு உசத்தியாகத் தெரியும் என்று கணக்குப் போடுகிற புத்தி எனக்கு.

அப்போதுதான் களத்தின் ஓரத்தில் தூக்குவாளியோடு மனைவி நிற்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அவளைக் கடந்து போனேன். முதல் தடவை கடக்கும்போது அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த தடவை வாளியைக் கீழே வைத்தாள். அதற்கடுத்த தடவை, சத்தம் போடாமல், சாப்பாட்டில் உப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அந்த ஸ்டாப் கம்பிய இழுங்க."

இழுத்தேன். வண்டி நின்றது. கொடிப் போரும் நான் சுற்றியதில் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சாய்ந்திருந்தது.

"டீ ஆறிப்போச்சுங்க" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்தப் படம் அனந்தபுரத்தில் இருக்கும் எங்கள் உறவுக்காரர்கள் வரைக்கும் போய்விட்டது. மகள் புதுச்சேரியிலிருந்து போன் பண்ணி, "அப்பா, கோயில் சுத்துற மாதிரியே சுத்துறியே, செருப்பக் கழட்டக் கூடாதா?" என்று கேட்டாள்.

மச்சானுக்கே பாவமாகப் போய்விட்டது போலிருக்கிறது. கடைக்குக் கிளம்பும்போது ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனான். "நாம தப்பு பண்ணிட்டோம் மாமா. எங்க ஆட்டம்னு பாக்காமலே முறுக்கிட்டோம். ஒருத்தர் மேல உக்காந்து ஸ்டியரிங்க லேசா ஆட்டிக்கினே இருக்கணும். ஒருத்தர் கீழ படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டுலயும் கைய வெச்சிப் பாக்கணும். ஆட்டுறது எந்த எடம் வரைக்கும் வருது, எந்த எடத்துக்கு மேல வரலன்னு கையிக்குத் தெரிஞ்சிடும். அங்கதான் தேஞ்சிருக்கும். நான் ஞாயித்துக்கெழம வர்றேன்."

ஞாயிறு வரைக்கும் பொறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் இது ஒருவர் செய்கிற வேலை இல்லை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்து, முதலில் அந்தப் பாழாய்ப்போன ஸ்க்ரூவைத் தளர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் முன்னால் போய் நின்றேன்.

"ஏம்மா, ஏற மாட்டேன்னது ஓடுற வண்டியிலதான?"

"ஆமாங்க."

"நிக்கிற வண்டி?"

அவள் கீரையை நிறுத்திவிட்டு யோசித்தாள். "ஓடாதில்ல?"

"நீ ஓடச் சொன்னாலும் ஓடாது. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்."

சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மட்கார்டில் இல்லை, முதல் தடவையாக டிரைவர் சீட்டில். நான் கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். எனக்கு அவள் தெரியவில்லை. மெட்டி போட்ட பாதம் இரண்டும் மட்டும் தெரிந்தன.

"ஆட்டும்மா. லேசா."

"ஆட்டிட்டேன்."

"நிறுத்தாம ஆட்டு."

முதலில் ஸ்டியரிங் பாக்ஸ். பெட்டி மொத்தமும் தலையாட்டியது. அதைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட் தளர்ந்திருந்தது. ஆனால் அது கொஞ்சம்தான். பெட்டியிலிருந்து கீழே தொங்கும் இரும்புக் கையில் விரலை வைத்தேன். அவள் மேலே ஆட்ட ஆட்ட அது உடனுக்குடன் ஆடியது. அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டின் முனையில், முழங்கால் மூட்டு மாதிரி இருக்கும் பால் ஜாயிண்ட்டில் உள்ளங்கையை வைத்தேன். இந்தப் பக்கம் துள்ளுகிறது. அந்தப் பக்கம் சக்கரத்துக்குப் போகும் இரும்பு தூங்குகிறது. அவள் நன்றாக ஆட்டிய பிறகுதான் அது கண்ணைத் திறக்கிறது. இத்தனை காலமும் நான் திருப்பியதையெல்லாம் நடுவில் நின்று விழுங்கிக்கொண்டிருந்தது இந்த மூட்டுதான். இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டிலும் ஒரு மூட்டு அப்படியே.

கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மாட்டுக்காரம்மா வூட்டுக் கன்னுக்குட்டி பால் குடிக்க மாட்டேங்குதாம்" என்றது மேலேயிருந்து குரல்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஆட்டிக்கினே சொல்லு" என்றேன்.

அவள் ஆட்டிக்கொண்டே சொன்னாள். கன்றுக்குட்டியிலிருந்து பேச்சு மகளின் மாமியாருக்குப் போனது. மாமியாரிடமிருந்து மகன் வாங்கித் தந்த மிக்சிக்கு வந்தது. மிக்சி சத்தம் பிடிக்கவில்லையாம். ஆனால் அவன் கேட்டால் நன்றாக இருக்கிறது என்று நானும் சொல்ல வேண்டுமாம். கொய்யாவில் மாவுப்பூச்சி விழுந்திருப்பதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். சாக்கிடம் சொல்லிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "இப்பத்தான் பாத்தேன்" என்றேன். நடந்து போவதில் கால் ஆடுசதை பிடிக்கிறது என்பதையும் சொன்னாள். அது எனக்குத் தெரியாது. நான் கீழே படுத்துக்கொண்டு, கண்டுபிடித்த மூட்டைக் கையில் பிடித்தபடி, "ம்ம், இன்னும் கொஞ்சம் ஆட்டு, சரியாப் புடிபடல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முதுகில் கல் குத்தியது. கழுத்தில் கிரீஸ் சொட்டியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங் ஆடுவது நின்றது. மெட்டிப் பாதம் இறங்கியது. ஒரு முகம் குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தது.

"கண்டுபுடிச்சி எவ்ளோ நேரமாச்சு?"

"இப்பத்தான்."

"பொய்யி."

அதில் 'ங்க' இல்லை என்பதைக் கவனித்தேன். ஆனால் அதைப் பற்றிப் பேசிக் கெடுத்துக்கொள்ளவில்லை.

கழற்றிய மூட்டைத் துணியில் சுற்றி மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அதை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். உள்ளே லொடலொட என்றது.

"இது ஜாயிண்ட்டா? கொழந்தைக்கு வாங்குன கிலுகிலுப்பையா?" என்றார். "இத வெச்சிக்கினா வண்டி ஓட்டுனீங்க?"

"ஓட்டுனேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க அந்த வைக்கப்போரச் சுத்துனவருதான?"

"வைக்கோல் இல்லீங்க, மல்லாட்டைக் கொடி" என்று திருத்தினேன். தவறான செய்தி பரவக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து புது மூட்டுகளை மாட்டினான். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன் என்று அவன் சொல்வது அவதூறு. பாக்ஸ் போல்ட்டை இறுக்கினோம். ஸ்க்ரூவை நான் தொடக் கூடாது என்று அவளே கையைத் தட்டிவிட்டாள். அவன் ஆட்டிப் பார்த்து, அரைக்கால் திருப்பு திருப்பி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்துப் பூட்டினான். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகி மடக்கும் பின்னை நான் போட்டேன். போட்டுவிட்டுச் சந்தேகம் வந்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போன பிறகு மறுபடியும் சந்தேகம் வந்து கூப்பிட்டேன். "அது உள்ளதான் இருக்குது, நீதான் வெளிய வா" என்றாள்.

முன்சக்கரம் இரண்டும் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூல் வேண்டியிருந்தது. அவள் பூ கட்டுகிற நூலைக் கொண்டுவந்தாள். சக்கரங்களின் பின்பக்க இடைவெளியை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, முன்பக்கம் அதைவிட ஒரு துளி குறைவாக வருகிற மாதிரி குறுக்குத் தண்டைத் திருகி வைக்க வேண்டும். நூலின் ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில். "இழுக்காத, அந்து போயிடும்" என்றாள். "நான் எங்க இழுத்தேன், நீ இழுத்த" என்றேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் வுடுங்க, நான் கல்லக் கட்டி அளந்துக்கிறேன்" என்றான்.

நான் அன்றைக்கே பழத்தை வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். களத்தில் நான் அங்காளம்மாவிடம் கத்தி நேர்ந்துகொண்டதை அந்தப் படத்தில் கேட்டிருந்தவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நேர்ந்துக்கினது மொதல்ல. அம்மாகிட்ட வரத்த வாங்கிக்கினு, டெஸ்டு பண்ணிப் பாத்துட்டுத்தான் வருவேன்னா சொன்ன?" அதனால் அமாவாசைக்கு மேல்மலையனூர் போனோம். வாக்குக் கொடுத்தபடியே கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். நின்றேன் என்பதுகூடத் தப்பு. கால் தரையில் படவில்லை, தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "எடது பக்கம், எடது பக்கம்" என்று ஓட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு ஸ்டியரிங் என்றால் அது அவள் பிடி ஒன்றுதான் என்று தோன்றியது, ஆட்டமே இல்லை.

சந்நிதியில் கொடுத்த எலுமிச்சம்பழத்தை வண்டியின் முன்னால் கட்டினாள். "அம்மா குடுத்தது சக்கரத்துல வெக்கிறதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு, சக்கரத்துக்குக் கடையில் வாங்கிய பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பாதைக்கு நடந்தாள். நானும் மச்சானும் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச தூரம் போய், குனிந்து, வலது சக்கரத்துத் தடத்தில் பழத்தை வைத்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்து அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

நான் கிளம்பினேன். என் கைகள் அவற்றுக்குத் தெரிந்ததைச் செய்தன. மாவு சலித்தன.

புது மூட்டு. சொன்னதை உடனே கேட்கிறது. நான் இடது பக்கம் சலித்தால் வண்டி இடது பக்கம் போகிறது. வலது பக்கம் சலித்தால் வலது பக்கம். இத்தனை வருஷம் நான் சொன்னதில் பாதியை வடிகட்டிவிட்டு நல்லதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வண்டி, இப்போது என் பயத்தை எல்லாம் அப்படியே எழுதிக்காட்டிக்கொண்டு போனது. கரைமேல் சாரைப்பாம்பு மாதிரி நெளிந்தேன். பழத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓர் ஆள் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு இடம் விட்டுக் கடந்து போனேன். இந்தத் தடவை கிளட்சை மிதித்தேன். அதுவாவது நடந்தது.

இறங்கி ஓடிப்போய், நட்டில் நான் செருகிய அந்தப் பின் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. போல்ட்டைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. "மூட்டு போச்சுடா! புதுசே போச்சு! அந்தக் கடைக்காரன் ஏமாத்திட்டாண்டா!" என்று கத்திக்கொண்டே மண்ணில் மண்டியிட்டுத் தேடினேன். மச்சான் கரையோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் சிரிக்கிறான் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவள் மெதுவாக வந்தாள். ஸ்டியரிங்கை ஒரு விரலால் தொட்டு அசைத்தாள். சக்கரம் அசைந்தது. மறுபக்கம் அசைத்தாள். அசைந்தது. பிறகு என் கைகளைப் பார்த்தாள். அவை எதையும் பிடிக்காமலே இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"வண்டி நல்லாத்தான் இருக்குது. நீதான் பேஜாரு" என்றாள்.

யூரியா சாக்கை எடுத்துத் தட்டினாள். இத்தனை நாள் தூசி பறந்தது. நாலாக மடித்து மட்கார்டில் போட்டு, ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய நேரம் அது. நான் இருக்கவில்லை. "இன்னும் பழத்த நசுக்கலியே?" என்றேன்.

"நான் எறங்குனது வண்டிய நம்பாம. அது இப்ப சரியாப் போச்சு. ஒன்ன நம்பி நான் என்னிக்கு ஏறுனேன்? நேரமாவுது, ஏறு."

பழம் எதிரே தெரியும்படி வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன். அவள் என் தோளைத் தட்டினாள். "கையப் பாக்காத. பழத்தப் பாக்காத. எதுனா சொல்லிக்கினு ஓட்டு."

"இன்னா சொல்றது?"

"அந்த மாவுப்பூச்சி கதையச் சொல்லு. ஏதோ சாக்குகிட்ட சொன்னியாமே, மாடு மேய்க்கிற அண்ணன் சொன்னாரு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் சொன்னேன். எந்த மரத்தில் முதலில் பார்த்தேன், இலையைத் திருப்பினால் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி எப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது, எறும்புதான் அதைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் போகிறது என்று இஞ்சினுக்கு மேல் கத்திச் சொல்லிக்கொண்டு போனேன். வேப்பெண்ணெய் அடிக்கலாமா என்று அவள் கேட்டாள். அடிக்கலாம், ஆனால் சோப்புத்தூள் கொஞ்சம் கலந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது வலது பக்கம் கீழே 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. எலுமிச்சை வாசனை மேலே வந்தது.

அவள் தலையைத் திருப்பிப் பாதையைப் பார்த்தாள்.

"நல்ல பழம்" என்றாள். "வீணாப் போச்சு."